நெடுவழிக்குரிய ஊர்தி



சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ஒரு மோட்டார் சைக்கிளின் படத்தை என் முன் வைத்தான். "தாத்தா, இதில்தான் லடாக் வரை போகப் போகிறேன், இதைவிட வேகமான வண்டி வேறில்லை" என்றான். "ஆளரவமற்ற மலைப்பாதையில் சங்கிலி அறுந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அவனிடம் விடையில்லை. அன்று அவனுக்குக் கூறிய வரலாற்றையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

1934ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள், தெரசா வாலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் என்னும் இரு பெண்கள் இலண்டனிலிருந்து ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப்டவுனை நோக்கிப் புறப்பட்டனர். அவர்கள் வேகத்தை அறியாதவர்கள் அல்லர். அவ்வாண்டில்தான் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையை மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றி வந்த முதற்பெண் என்னும் புகழைப் பிளெங்கிரன் பெற்றிருந்தார். ஆயினும் பாலைவனத்துக்கு அவர்கள் பந்தய வண்டியைக் கொண்டு செல்லவில்லை. யார்க்‌ஷயரில் செய்யப்பட்ட 600 சி.சி. பாந்தர் வண்டியையே கொண்டு சென்றனர்.

அவ்வண்டிக்கு ஒரே சிலிண்டர். எஞ்சின் மெல்லச் சுழலும். ஆனால் குறைந்த வேகத்திலும் பெரும்பளுவை இழுக்கும். உறுப்புகள் குறைவாதலின் பிரித்துப் பூட்டுதலும் எளிது. அதனோடு ஒரு சைடு காரும், பின்னால் ஒரு சிறு இழுவண்டியும் பூட்டிப் பொருள்களை ஏற்றிக்கொண்டனர்.

இத்தேர்வு முற்றிலும் குறையற்றதன்று. மணலில் சக்கரம் புதையுந்தோறும் ஏற்றிய சுமையே பகையாயிற்று. திசைகாட்டியும் இன்றிச் சகாராவைக் கடந்தவர்களுக்கு, எஞ்சினும் பழுதுற்றுப் பெருஞ்சோதனை விளைந்தது. ஆனால் வாலக் பொறியியல் பயின்றவர். அகடெஸ் என்னும் பாலைவன நகரில் எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்தார். 1935ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இருவரும் கேப்டவுனை அடைந்தனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1952ஆம் ஆண்டில் எர்னெஸ்டோ குவேராவும் ஆல்பெர்டோ கிரனாடோவும் 1939ஆம் ஆண்டின் 500 சி.சி. நார்ட்டன் வண்டியில் அர்ஜென்டினாவிலிருந்து புறப்பட்டனர். 'வலிமையுடையவள்' என்பது அவர்கள் அதற்கு இட்டிருந்த பெயர். பெயர் வாழ்ந்தது, வண்டி சிலி நாட்டிலேயே ஓய்ந்தது. எஞ்சிய வழியை நடந்தும், லாரிகளில் இடம்பெற்றும் கடந்தனர்.

இவற்றிலிருந்து நாம் அறிவன யாவை? வண்டியின் உச்ச வேகத்தைக் கேட்பதற்கு முன், உதிரி உறுப்பு வழியில் கிடைக்குமா என்று கேட்கவேண்டும். விழுந்தால் அதனைத் தூக்கி நிறுத்த இயலுமா, சுமையோடு மேடு ஏறுமா, அமர்ந்தால் கால் தரையில் ஊன்றுமா என்று ஆராய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதனைச் செப்பனிடும் அறிவு நமக்கு உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் பேரன் இன்னும் வண்டி வாங்கவில்லை. ஞாயிறுதோறும் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் பஞ்சர் ஒட்டவும் சங்கிலி மாட்டவும் கற்று வருகிறான். கையில் கிரீஸ் படிய வீடு திரும்பும் அவனைக் காணும்போது, லடாக் அவனுக்கு எட்டாத ஊரன்று என்ற நம்பிக்கை எனக்குப் பிறக்கிறது.