ஹார்ட்ஃபோர்டு வீடுகளில் வளர்ந்த சீனப் பிள்ளைகள்

ரோட்டரி சங்கத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நம் ஊர்களுக்கு வந்து தங்கிப் போவது இன்று பழகிப்போன விஷயம். ஆனால் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே 120 சீனச் சிறுவர்கள் அமெரிக்காவில் பாதிரிமார், வாத்தியார்கள், டாக்டர்கள் வீடுகளில் வீட்டுப் பிள்ளைகளைப் போல வளர்ந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் என்பதால் இந்த வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது. பக்தியுள்ள ஓர் ஆசிரியர் வேறு மதத்துப் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் படிக்கவைக்கிறார். அந்தப் பிள்ளையிடம் அவர் என்ன எதிர்பார்க்கலாம்? நம் நாட்டிலும் அடிக்கடி எழும் கேள்விதான் இது.

கதை யுங் விங் என்பவரிடம் தொடங்குகிறது. 1828-இல் மக்காவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷனரிகள் நடத்திய பள்ளியில் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வந்தவர் சாமுவேல் ராபின்ஸ் பிரவுன் என்ற அமெரிக்கப் பாதிரியார். 1847-இல் பிரவுன் உடல்நலக் குறைவால் ஊர் திரும்பியபோது, யுங் விங்கையும் வேறு இரண்டு மாணவர்களையும் கூடவே கப்பலில் அழைத்துப் போனார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மான்சன் என்ற சிற்றூர். பிரவுனின் தாயார் ஃபீபி பிரவுன் அந்தப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார். சாப்பாடு, விளக்கு, விறகு, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து ஆளுக்கு வாரம் ஒன்றே கால் டாலர். விறகைப் பிளப்பது மட்டும் பிள்ளைகளின் வேலை. அந்த அம்மாளும் வசதி படைத்தவர் அல்ல. கீர்த்தனைகள் எழுதிய, துன்பம் பல கண்ட எளிய பெண்மணி.

பள்ளிப் படிப்பு முடிந்து யேல் கல்லூரிக்குப் போக வேண்டும், கையில் பணமில்லை. மான்சன் பள்ளியின் நிர்வாகிகளிடம் ஏழை மாணவர்களுக்கான நிதி இருந்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: படித்து முடித்ததும் மிஷனரியாகச் சீனாவுக்குப் போவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யுங் விங் மறுத்துவிட்டார். அவர் அப்போதே கிறிஸ்தவர். ஊழியத்தின் மீது மரியாதையும் உண்டு. ஆனாலும் தன் நாட்டுக்கு எந்த வழியில் உதவ முடியும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கட்டிக்கொள்ள அவருக்கு மனமில்லை.

கையில் காசில்லாத இருபது வயதுப் பையன், உதவ வந்தவர்களிடம் முடியாது என்கிறான். "இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே" என்று பிரவுன் விலகியிருக்கலாம். அவர் விலகவில்லை. தெற்கே சவன்னா நகரத்துப் பெண்கள் சங்கம் ஒன்றிடம் பேசி, அந்த நிபந்தனை இல்லாத உதவியைத் தேடித் தந்தார். சக மாணவர்களின் உணவு விடுதியில் வேலை செய்து மீதியைச் சமாளித்த யுங் விங், 1854-இல் யேலில் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர் அவர்தான்.

தனக்குக் கிடைத்தது தன் நாட்டுப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. சீன அரசைச் சம்மதிக்க வைக்கப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. கடைசியில் 1872 முதல் 1875 வரை, ஆண்டுக்கு 30 பேராக 120 சிறுவர்கள் அனுப்பப்பட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் படிப்பதாக ஏற்பாடு. நோயோ சாவோ நேர்ந்தால் அரசு பொறுப்பல்ல என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அப்படி எழுதிக் கொடுத்து அனுப்பிய தாயின் மனம் எப்படி இருந்திருக்கும்!

கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் தலைமையகம். பிள்ளைகளை ஒரே விடுதியில் அடைத்துவைக்காமல், இரண்டு மூன்று பேராகக் குடும்பங்களில் வைக்கலாம் என்று மாநிலக் கல்வி அதிகாரி நார்த்ரப் யோசனை சொன்னார். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சீன அரசு பணம் கொடுத்தது. ஆனால் பணத்துக்காக மட்டும் அந்தக் குடும்பங்கள் முன்வரவில்லை. பெரும்பாலும் சபைக்குத் தவறாமல் போகிறவர்கள். அந்நியனை ஏற்றுக்கொள்வது வேதம் சொன்ன கடமை என்று நம்பியவர்கள். காது கேளாதோர் பள்ளி ஆசிரியரான பார்ட்லெட்டின் வீட்டில் சில பிள்ளைகள். வெஸ்ட் ஹேவனில் பள்ளித் தலைமையாசிரியரான லூத்தர் நார்த்ரப் என்பவரின் வீட்டில் ஸான் தியன்யூ என்ற பையன்.

லீ யான் பூ என்ற மாணவர் பிற்காலத்தில் தன் சிறுவயது நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். அழைத்துப் போக வந்த வீட்டு அம்மாள் அவரைக் கட்டியணைத்து முத்தமிட்டாராம். கூட இருந்த பையன்கள் சிரிக்க, இவருக்கு வெட்கம் தாங்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். "பள்ளி" என்ற சொல் மட்டும் புரிந்தது. உள்ளே நுழைந்து பார்த்தால் கோயில்! இரண்டு பையன்களும் எடுத்தார்கள் ஓட்டம், வீடு வரைக்கும். சிரிப்பு வந்தாலும், அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அபினிப் போருக்குப் பின் ஒப்பந்தங்களைத் திணித்து, அந்தப் பாதுகாப்பில்தான் மிஷனரிகள் சீனாவின் உள்பகுதிகளுக்குள் போனார்கள். சிலுவையும் பீரங்கியும் சேர்ந்து வந்ததாகவே அந்த ஊர் மக்கள் பார்த்தார்கள்.

ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே! சீக்கிரமே ஆங்கிலம் வந்தது, பேஸ்பால் வந்தது. நீண்ட அங்கியைக் கழற்றிவிட்டுக் கோட்டு போட்டார்கள். பின்னலை மட்டும் வெட்டக் கூடாது. வெட்டினால் பேரரசருக்குத் துரோகம். முறை வைத்து ஹார்ட்ஃபோர்டு தலைமையகத்துக்கு வந்து சீன நூல்களைப் படிக்க வேண்டும். வீட்டிலோ தினமும் குடும்ப ஜெபம். ஒரு சிலர் கிறிஸ்தவர்களானார்கள். சிலர் பின்னலை வெட்டினார்கள். யுங் குவாய் என்ற மாணவர் இதனால் நீக்கப்பட்டார். யுங் விங்கும், ஹார்ட்ஃபோர்டு பாதிரியார் ஜோசப் ட்விச்செல்லும் மறைவாக உதவி செய்து அவரைப் படிக்கவைத்தார்கள்.

பிள்ளைகள் சீனர்களாகவே இருக்க மாட்டார்கள் என்ற புகார் பீக்கிங்குக்குப் போனது. அதை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அந்த வீடுகளில் பலர், பிள்ளைகள் இயேசுவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார்கள். இன்னொரு பக்கம், சீன மாணவர்களை அமெரிக்க ராணுவக் கல்லூரிகளில் சேர்க்க அமெரிக்க அரசு மறுத்தது. சீனத் தொழிலாளர்களுக்கு எதிரான வெறுப்பும் பெருகியது. ட்விச்செல் தன் நண்பர் எழுத்தாளர் மார்க் ட்வைனுடன் போய் முன்னாள் ஜனாதிபதி கிராண்டைப் பார்த்தார். கிராண்ட் சீனத் தலைவர் லி ஹாங்சாங்குக்குக் கடிதம் எழுதினார். யேல் தலைவர் போர்ட்டரும் மற்ற கல்வியாளர்களும் சேர்ந்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பலன் தரும் நேரத்தில் பறிக்கிறீர்களே என்று எழுதினார்கள். கொஞ்சம் தாமதமானதே தவிர, முடிவு மாறவில்லை. 1881-இல் ஏறக்குறைய நூறு பேர் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அதற்குள் பட்டம் வாங்கியிருந்தவர்கள் இரண்டே பேர். மறு ஆண்டே அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் வருவதைத் தடைசெய்து சட்டம் போட்டது.

ஷாங்காயில் வரவேற்பு இருக்கும் என்று நம்பி இறங்கியவர்களைக் காவலுடன் நடத்திப்போய், ஈரம் ஊறிய பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் சில நாட்கள் அடைத்தார்கள். இது நமக்குத் தெரிய வந்தது எப்படி? ஹுவாங் கைஜியா என்ற மாணவர் இதையெல்லாம் திருமதி பார்ட்லெட்டுக்குக் கடிதமாக எழுதினார். பட்ட துன்பத்தைச் சொல்லி ஆற்றிக்கொள்ள, வளர்த்த தாயைத்தான் நினைத்திருக்கிறார்.

பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? சிலர் 1884-இல் ஃபூசோ துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த கடற்போரில் மாண்டார்கள். யேலில் பொறியியல் படித்த ஸான் தியன்யூ பல ஆண்டுகள் ரயில் வேலையே கிடைக்காமல் இருந்தார். கடைசியில், வெளிநாட்டுப் பொறியாளர் துணையின்றி மலைகளைக் குடைந்து பீக்கிங்–கல்கான் ரயில்பாதையை 1909-இல் முடித்துக் காட்டினார். லியாங் செங் வாஷிங்டனில் தூதராகி, சீனாவிடம் அமெரிக்கா அதிகமாக வாங்கிய இழப்பீட்டுப் பணத்தைத் திரும்பப் பெறப் பாடுபட்டார். அந்தப் பணத்தில் உருவானதுதான் இன்றைய சிங்ஹுவா பல்கலைக்கழகம்.

மதம் மாறியவர்களின் கணக்கைப் பார்த்தால் இந்த முயற்சி பெரிய வெற்றி இல்லை. பதினைந்து ஆண்டுத் திட்டம் பாதியில் நின்றதைப் பார்த்தால் தோல்வி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் என்னைக் கேட்டால், பிரவுன் பாதிரியாரை வைத்துத்தான் இதை அளப்பேன். மாணவன் தான் எதிர்பார்த்த பாதையில் வர மறுத்த பிறகும் அவனுக்காகப் பணம் கேட்டு இன்னொரு ஊரில் போய் நின்றாரே, அவருடைய விசுவாசத்தின் அளவு அதுதான். மான்சன் பள்ளி நிதியோடு அந்த உதவி நின்றிருந்தால் யுங் விங் யேலுக்குப் போயிருக்க மாட்டார். 120 பிள்ளைகளும் வந்திருக்க மாட்டார்கள்.

யுங் விங்கின் அமெரிக்கக் குடியுரிமை செல்லாது என்று அமெரிக்க அரசே 1898-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் கடைசிக் காலத்தில் ஹார்ட்ஃபோர்டுக்குத்தான் வந்து சேர்ந்தார். 1912 ஏப்ரலில் அங்கேயே காலமானார். அப்போது சீனக் குடியரசின் முதல் பிரதமராகப் பதவியில் இருந்தவர் டாங் ஷாவோயி. ஹார்ட்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் படித்த அந்த 120 பேரில் ஒருவர்.