பெரார்கஞ்ச் பிக்கப்பும் ஒரு ஹப்பின் கதையும்

போன சனிக்கிழமை ஆபீஸ் ஆணி எதுவும் இல்லை. ஒன்டாரியோ குளிரும் கொஞ்சம் விட்டிருந்தது. நம்ம ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பின் முன் இடது சக்கரத்தில் ஒரு வாரமாக "ம்ம்ம்"னு ஒரு முனகல். வலது பக்கம் வளைத்தால் கூடும், இடது பக்கம் வளைத்தால் அடங்கும். தங்கமணி "டயர் சத்தம்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். ஆடியது. ஹப் போச்சு!

உடனே ஞாபகம் வந்தது அந்தமானில், பெரார்கஞ்சில் பிக்கப் ஓட்டிய பெரியப்பாதான்.

பெரார்கஞ்ச் தெற்கு அந்தமானில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஜிர்காடாங் போகும் வழியில் வரும். 1920களில் சீஃப் கமிஷனராக இருந்த ஃபெரார் பெயரில் வந்த ஊர். 'குற்றப்பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்ட வட இந்திய பாந்து மக்களை அப்போது இந்தப் பக்கம்தான் குடியேற்றினார்கள். அப்புறம் வங்காளிகள், நம்ம ஆட்கள் எல்லாம் வந்தார்கள்.

ஜிர்காடாங் தாண்டினால் ஜாரவா மக்களின் காடு. அதைக் கிழித்துக்கொண்டு போகிறது அந்தமான் டிரங்க் ரோடு. காப்புக்காட்டுக்குள் வரும் பகுதியை மூடச் சொல்லி 2002ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. ரோடு மூடப்படவில்லை. செக்போஸ்ட்டில் காத்திருந்து, குறித்த நேரத்துக்கு கான்வாயாகப் போகவேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது.

அந்தக் காத்திருப்பில் பெரியப்பா ஒரு வேலை செய்வார். ஒவ்வொரு சக்கரமாகப் போய் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அன்றைக்குப் பயணம் ரத்து. "நம்ம வண்டி அவங்க வீட்டு வாசல்ல படுக்கக்கூடாதுடா" என்பார்.

அப்படித் தொட்டுப் பார்த்துப் பிழைக்க முடிந்ததற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஹப் பேரிங் வண்டியின் எடையைத் தாங்கவேண்டும். வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் தாங்கவேண்டும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன், 1898ல் கூம்பு வடிவ ரோலர் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். இப்படி இரண்டை எதிரெதிராக வைத்தால் இரண்டு வேலையும் முடிந்தது.

இரண்டாம் உலகப்போரில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளினார்கள். அதன் முன் ஹப்பிலும் இதே ஜோடி பேரிங். போர் முடிந்து அந்த ஜீப்கள் சாதா ரோட்டுக்கு வந்தபோது, தேவையில்லாத நேரத்திலும் முன் ஆக்சில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மருந்தாக வந்ததுதான் கையால் திருகும் லாக்கிங் ஹப். ஆர்தர் வார்ன் 1948ல் தொடங்கிய கம்பெனி அதில் பேர் வாங்கியது. 1940களின் இறுதியில் மகேந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிக்க, அந்த ஹப் நம்ம ஊர் மெக்கானிக் கைக்கும் பழகிவிட்டது.

அதைத் திறக்கலாம், கழுவலாம், கிரீஸ் அடைக்கலாம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு துளி தளர்த்திப் பூட்டவேண்டும். அதிகம் இறுக்கினால் சூடு, தளர்ந்தால் ஆட்டம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கைப்பழக்கம். சென்னையிலிருந்து சாமான் கப்பலில் வரவேண்டிய தீவில், அந்தக் கைப்பழக்கம்தான் பாதி ஸ்பேர் பார்ட்ஸ்.

1980களிலிருந்து பிக்கப்களுக்கும் சீல் வைத்த ஹப் வர ஆரம்பித்தது. பேரிங், ஹப் எல்லாம் ஒரே உருண்டை. பல வண்டிகளில் ஏபிஎஸ் சென்சாரும் அதிலேயே. திறக்க முடியாது. போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு.

என் வேலையும் அதுதான். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன் (ஹோஸில் தொங்கவிடாதீர்கள்). டிஸ்க்கை எடுத்து, சென்சார் ஒயரைப் பிரித்து, பின்னால் இருந்த போல்ட்களையும் கழற்றியாச்சு. ஆனால் ஹப் வரவில்லை! குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு துருவாகிக் கவ்வியிருந்தது. அங்கே கடல் உப்பு, இங்கே ரோட்டு உப்பு. சுத்தியலோடு இரண்டு மணி நேரம். பிறகு துருவைத் தேய்த்து, புதுசைப் பொருத்தி, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஆக்சில் நட் முழுசாக இறுகாமல் சக்கரத்தில் எடை ஏற்றினால் புது பேரிங்கும் கெடும்.

முனகல் போச்சு. சீல் வைத்ததில் லாபமும் உண்டு, இத்தனை வருஷம் நான் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. பெருமையாக பெரியப்பாவுக்கு போன் போட்டேன்.

"கிரீஸ் எவ்வளவு வச்சே?"

"கிரீஸ் வைக்க வழியே இல்லை பெரியப்பா. சீல் பண்ணியே வருது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி தம்பி. ஓட்டிட்டு வந்து கையாவது வச்சுப் பாரு."

பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு ரவுண்டு போய்வந்தேன். இறங்கியதும் நாலு ஹப்பையும் அவனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "எல்லாம் ஒரே சூடுதாம்ப்பா" என்றான்.