சுமப்பவரின் கல்வி: டிடியே டெஷாம் ஆடியதும் ஆட்டுவித்ததும்

உலகக் கோப்பையை வீரராகவும் பயிற்சியாளராகவும் வென்றவர்கள் மூவரே: பிரேசிலின் மாரியோ ஜகாலோ, ஜெர்மனியின் ஃப்ரான்ஸ் பெக்கன்பவர், பிரான்சின் டிடியே டெஷாம். பெக்கன்பவரின் ஆட்டத்தழகில் மயங்காதவர் இல்லை. டெஷாமை அப்படி யாரும் கொண்டாடியதில்லை. 1993இல் மார்செய் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அவர்தான் அணித்தலைவர். 1996இல் யுவென்டசோடு மீண்டும் அதே கோப்பை. அப்படியிருந்தும், பிறருக்குத் தண்ணீர் சுமப்பவர் என்று எரிக் காண்டனா ஏளனம் செய்ய, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பயிற்சியாளரான பிறகும் பழி விடவில்லை. திறமைசாலிகளைக் கட்டிப்போடுகிறவர் என்றார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் விளங்குவார் என்பது என் துணிபு. ஒருவர் தளையின்றி ஆட வேண்டுமானால், அவர் ஓடாத ஓட்டத்தை இன்னொருவர் ஓடியாக வேண்டும். நடுக்களத்தில் பல்லாண்டு அந்த இன்னொருவராக இருந்தவர், பயிற்சியாளரானதும் ஒவ்வோர் அணியிலும் முதலில் தேடியது அப்படிப்பட்ட ஒருவரைத்தான்.

1998 ஜூலை 12 அன்று உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலை 3-0 என வீழ்த்திய பிரெஞ்சு அணியில் ஜிதான் தலையால் முட்டிய இரண்டு கோல்களை உலகம் மறக்கவில்லை. அவருக்குப் பின்னால் டெஷாம், பெத்தி, கரெம்பு என மூவர் காவல் நின்றதை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? முன்களத்தில் நின்ற கிவார்ஷ் அந்தத் தொடர் முழுவதும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, டெஷாமின் அணி மாஸ்கோவில் குரோவேஷியாவை 4-2 என வென்றது. அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களிலும் இறங்கிய ஜிரூ அடித்த பந்து ஒன்றுகூட கோல் சட்டத்துக்குள் செல்லவில்லை. தடுப்பாட்டக்காரரை முதுகில் தாங்கியபடி பந்தை வாங்கி, க்ரீஸ்மனுக்கும் எம்பாப்பேவுக்கும் வழி திறப்பதே அவர் வேலை. இடது ஓரத்தில், வேகக்காரர் ஒருவரை எதிர்பார்க்கும் இடத்தில், நடுக்கள வீரரான மத்துயீதி நின்றார். அவருக்குத் தடை விழுந்த காலிறுதியிலும் அங்கே வந்தவர் மற்றொரு நடுக்கள வீரரான தொலிசோதான். வலப்புறம் எம்பாப்பே தற்காப்புக்குத் திரும்பி ஓடாமலிருக்க, இடப்புறம் செலுத்திய விலை அது. 2022 உலகக் கோப்பைக்குக் கான்டேவும் போக்பாவும் காயத்தால் வர இயலாதபோது, கோலடித்துப் புகழ்பெற்ற க்ரீஸ்மனையே நடுக்களத்துக்கு இறக்கி உழைக்க வைத்தார். எனக்கு வலுவான சான்றாகப் படுவது இதுவே.

இத்தனை திறமை கைவசம் இருந்தால் யாரும் வெல்லலாமே என்பார்கள். டெஷாம் பொறுப்பேற்பதற்கு முன், ஆன்ரி, அனெல்கா, ரிபெரி மூவரையும் வைத்துக்கொண்டு 2008 யூரோவிலும் 2010 உலகக் கோப்பையிலும் பிரான்ஸ் தன் பிரிவில் கடைசியாக வந்தது. தென்னாப்பிரிக்காவில் வீரர்கள் பயிற்சிக்கே மறுத்துப் பேருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். திறமை மட்டும் ஓர் அணியை நிறுத்திவிடாது. டெஷாம் அச்சத்தால் ஆட்டுவிக்கிறவர் என்ற குற்றச்சாட்டுக்கு, 2022 இறுதியாட்டத்தின் 41ஆம் நிமிடம் பதில் சொல்லும். அர்ஜென்டினா 2-0 என முன்னிலை. இடைவேளைக்குக்கூடக் காத்திராமல், தன் முறையின் தூணாக இருந்த ஜிரூவையும் டெம்பெலேயையும் ஒருசேர வெளியேற்றினார் டெஷாம். உள்ளே வந்த கோலோ முவானி 80ஆம் நிமிடத்தில் பெனால்டி பெற்றுத் தந்தார். அடுத்த நிமிடமே, அவரோடு உள்ளே வந்த துராம் திருப்பிக் கொடுத்த பந்தில் எம்பாப்பே இரண்டாவது கோலை அடித்தார். பெனால்டி உதைகளில் தோற்றதால் அந்தத் துணிவு இல்லையென்று ஆகிவிடாது.

2024 யூரோவைக் காட்டுகிறவர்களை மட்டும் என்னால் எளிதில் மறுக்க முடியாது. அரையிறுதிக்கு வரும் வரை பிரான்சின் கணக்கில் இருந்தவை எதிரணியினர் போட்ட இரண்டு சுய கோல்களும் ஒரு பெனால்டியும்தான். முதல் ஆட்டத்திலேயே மூக்கு உடைந்த எம்பாப்பே பிறகு முகக்கவசத்தோடு ஆடியதை ஒரு காரணமாகச் சொல்லலாம், முழுக் காரணமாகாது. தற்காப்பு அப்போதும் உறுதியாகவே இருந்தது. ஆனால் பின்னால் நின்றவர்கள் உழைத்து ஈட்டிக்கொடுத்த இடத்தை முன்னால் நின்றவர்கள் பயன்படுத்தவில்லை; உழைப்பைப் பங்கிடத் தெரிந்த டெஷாமிடம் அதற்கு அந்தக் கோடையில் மருந்து இருக்கவில்லை.