கலகாரிப் புன்னிலத்து மலரொன்றும் அதன் மருத்துவ வரலாறும்

ஆபிரிக்காவின் சவன்னாப் புன்னிலங்கள் என்றதும் யானையும் சிங்கமும் வரிக்குதிரையுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றின் காலடியில் மலர்ந்து மறையும் பூண்டுகளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் அப்பூண்டுகள் அந்நிலத்து மக்களுக்கு நெடுங்காலமாக உணவாகவும் மருந்தாகவும் பயன்பட்டு வந்துள்ளன. அவற்றுள் ஒன்றன் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு செடியின் கதையாகத் தோன்றினும், அறிவு யாருடையது, அஃது எவ்வாறு கைமாறியது, கைமாறியபோது யார் பெயர் நிலைத்தது என்னும் வினாக்களை இவ்வரலாறு எழுப்புகின்றது.

நமீபியா, பொற்சுவானா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளிற் பரந்து கிடக்கும் கலகாரியின் செம்மணற் பரப்பே இச்செடியின் தாயகமாகும். தாவரவியலார் இதனை 'ஆர்ப்பகோபைத்தம் புரொக்கும்பென்சு' என்பர். கொளுக்கியையுடைய, நிலத்திற் படர்கின்ற செடி என்பது இப்பெயரின் பொருள். சுவானா மக்கள் 'செங்கபரிலே' என அழைப்பர். வறட்சிக் காலத்தில் இச்செடி இருக்குமிடமே தெரியாது. மழை பெய்ததும் மண்ணுள் மறைந்திருக்கும் கிழங்கிலிருந்து தண்டுகள் கிளம்பி நாற்றிசையும் தரையோடு தரையாகப் படரும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த குழல் வடிவான மலர்கள் பூக்கும். மலரின் மென்மைக்கு முற்றிலும் மாறானது அதன் காய். வளைந்த கூரிய கொளுக்கிகள் நிறைந்த அக்காய் விலங்குகளின் குளம்பிற் பற்றிக்கொண்டு தொலைவிடங்களுக்குச் சென்று விதை பரப்பும். இது கருதியே ஜேர்மானியர் இச்செடிக்குப் 'பேயின் நகம்' எனப் பெயரிட்டனர்.

மருந்தாவது மலருமன்று, காயுமன்று, வேரேயாகும். நடுவே ஆழச் செல்லும் தாய்க்கிழங்கும், அதிலிருந்து பிரிந்து நீர் சேமிக்கும் பக்கக் கிழங்குகளும் இச்செடிக்கு உண்டு. சான் மக்களும் நாமா மக்களும் பிற இனத்தவரும் பக்கக் கிழங்குகளைச் சீவி உலர்த்தி, நீரில் ஊறவைத்து அருந்தினர். மிகுந்த கசப்புடைய அந்நீர் காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுகளுக்கும் உடல் நோவுக்கும் மருந்தாயிற்று. மகப்பேற்றின் பின் வரும் நோவிற்கும் அதனைக் கொடுத்தனர். வேர்த்தூளைக் களிம்பாக்கிப் புண்ணுக்கும் கட்டிக்கும் பூசினர்.

ஆங்கிலேயத் தாவரவியலாளரான வில்லியம் பேர்ச்செல், தம் தென்னாபிரிக்கப் பயணத்திற் கண்ட இச்செடியை 1822 இல் வெளியான தம் நூலில் விவரித்துப் பெயரிட்டார். ஆயின் பெயரிடுதல் வேறு, பயன் அறிதல் வேறு. வேரின் மருத்துவப் பயனை ஐரோப்பியர் கருத்திற் கொண்டது அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தே ஆகும். அஃது எச்சூழலில் நிகழ்ந்தது என்பதே ஈண்டு கருதத்தக்கது.

இன்றைய நமீபியா 1884 முதல் ஜேர்மனியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நிலமும் கால்நடையும் பறிபோவதைப் பொறாத ஹெரேரோ மக்கள் 1904 ஜனவரியில் கிளர்ந்தெழுந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் நாமா மக்களும் போரில் இறங்கினர். ஜேர்மானியத் தளபதி லோதர் வொன் திரோத்தா ஹெரேரோ இனத்தை ஒழிக்கும் கட்டளையைப் பிறப்பித்தார். மக்கள் நீரற்ற பாலைக்குத் துரத்தப்பட்டனர்; எஞ்சியோர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1908 அளவில் நாமா மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரும், ஹெரேரோ மக்களில் அதனினும் பெரும் பங்கினரும் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. இஃது இனப்படுகொலையே என ஜேர்மானிய அரசு 2021 இல் ஏற்றுக்கொண்டது.

இப்போர்க் காலத்தை ஒட்டியதாகவே மருந்து வரலாறுகள் ஒரு செய்தியைக் கூறுகின்றன. மேனேர்ட் என்னும் ஜேர்மானியர், காயமுற்ற ஒருவரை உள்ளூர் மருத்துவர் ஒருவர் ஏதோ ஒரு வேரினாற் குணமாக்கியதைக் கண்டார். வேர் யாதென வினவியபோது மருத்துவர் கூற மறுத்தார். மேனேர்ட் தம் வேட்டை நாயின் துணையுடன் வேர் தோண்டிய குழியைத் தேடிக் கண்டறிந்தார். இதனை நூல்கள் 'கண்டுபிடிப்பு' எனப் போற்றுகின்றன.

இச்செய்தியைச் சான்றாகக் கொண்டு நுணுகி நோக்கின் வேறொன்று புலப்படும். கண்டறிந்தவரின் பெயர் இதில் உண்டு. அவருடைய நாய்க்குங்கூட ஓர் இடம் உண்டு. மருத்துவரின் பெயர் மட்டும் இல்லை. நாமாத் தலைவர் எந்திரிக் விற்போய் 1905 இல் போரிற் பட்ட காயத்தால் இறந்தபோதிலும், அவர் எழுதிய கடிதங்கள் வாயிலாக அவர் குரலை இன்றும் கேட்கின்றோம். எழுதிவைக்காத மருத்துவரிடமிருந்து நமக்கு எஞ்சியது அவருடைய மறுப்பு ஒன்றே. தம் மக்கள் அழிக்கப்பட்ட காலத்தில் ஒருவர் தம் அறிவை அந்நியரிடம் கொடுக்க மறுத்தாரெனின், அதனை அறியாமை என்றோ பிடிவாதம் என்றோ கொள்ளல் தகாது. அவரிடம் எஞ்சிய உடைமை அதுவாகவே இருந்திருக்கலாம்.

மறுக்கப்பட்ட அவ்வறிவு பின்னர் பெரும் வணிகமாயிற்று. 1962 இல் கிழங்கின் வணிக ஏற்றுமதி தொடங்கியது. மூட்டு நோவிற்கு மருந்தாக ஜேர்மனியில் அது பெருவழக்குப் பெற்றது. கேள்வி பெருகப் பெருக வரம்பின்றித் தோண்டுதலும் பெருகியது. தாய்க்கிழங்கையும் சேர்த்து அகழ்ந்தெடுத்தால் செடி மடியும். பக்கக் கிழங்கை மட்டும் எடுத்துக் குழியை மண்ணால் மூடினால் அது மீண்டும் தழைக்கும். பிற்காலப் பாதுகாப்புத் திட்டங்கள் வற்புறுத்திய முறையும் இதுவே. நமீபியாவில் 1977 இல் இச்செடி பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. எனினும் வெயிலில் மணலைத் தோண்டும் ஏழைக் குடும்பங்களுக்கு விலையிற் சிறு பங்கே கிட்டியது.

இங்கு ஒரு முரண்பாடும் உண்டு. ஐரோப்பாவில் இவ்வேர் 'பாரம்பரிய மூலிகை மருந்து' என்னும் வகையில் ஏற்கப்பட்டுள்ளது. அங்குள்ள 2004 ஆம் ஆண்டு விதியின்படி, பாரம்பரியம் எனக் கொள்வதற்கு முப்பது ஆண்டுப் பயன்பாடு வேண்டும். அதில் பொதுவாகப் பதினைந்து ஆண்டுகளேனும் ஐரோப்பிய ஒன்றியத்துள் நிகழ்ந்திருத்தல் வேண்டும். கலகாரி மக்கள் எத்தனை தலைமுறை பயன்படுத்தினும் அது மட்டும் போதாது. ஐரோப்பியர் அருந்திய ஆண்டுகளே கணக்கை நிறைவுசெய்கின்றன.

1990 இல் விடுதலை பெற்ற நமீபியா, 2017 இல் உயிரியல் வளங்களையும் அவற்றோடு இணைந்த பாரம்பரிய அறிவையும் காக்கும் சட்டமொன்றை இயற்றியது. அறிவுக்கு உடையவர் உளர், அவரிடம் இசைவு பெறல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அம்மருத்துவர் வாய்திறவாது உணர்த்தியதும் அதுவேயன்றோ! சட்டம் அவர்தம் மரபினர்க்கு உரிய பங்கை ஈட்டித்தருமா என்பது அது நடைமுறைப்படுத்தப்படும் விதத்தைப் பொறுத்தது. அவருடைய மறுப்பைக் கண்டுபிடிப்பின் தடையாகக் கருதாது, உரிமையின் குரலாகப் பதிவுசெய்தல் வரலாறு எழுதுவோர் கடனாகும்.