ஜி. பார்த்தசாரதியின் சமாதான இராசதந்திரம்: இந்தோசீனாவிலிருந்து வன்னி வரை

வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமங்களில் அரசியல் என்பது முதலில் காணிப் பிரச்சினையே. 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் வவுனியா மாவட்டத்தில் குடியேறியபோது, காணியைப் பகிர்ந்தளிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி மேலும் கூர்மையடைந்தது. தமிழ்த் தலைமையுடன் கொழும்பு செய்துகொண்ட 1957, 1965 ஒப்பந்தங்கள் ஏற்கெனவே அக்கேள்விக்கு விடைகாண முயன்று தோற்றிருந்தன. 1983 இன் பின் அதை மீண்டும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் பிறந்த இந்திய இராசதந்திரி கோபாலசுவாமி பார்த்தசாரதி. அரசியல் இணக்கம், கண்காணிப்பு, நிறைவேற்றும் கடப்பாடு ஆகிய மூன்றும் ஒன்றுசேராமல் சமாதானம் நிலைக்காது என்பதை அவருடைய பணிவாழ்வும் அதன் பின்விளைவுகளும் காட்டுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தோசீனப் பட்டறிவு

1948 இல் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் தொடர்பாக இந்தியாவின் தரப்பை முன்வைத்த என். கோபாலசுவாமி ஐயங்காரின் மகன் இவர். ‘தி இந்து’ நாளிதழில் பணியாற்றியபின் இராசதந்திரத் துறைக்கு வந்தார். 1954 ஜெனீவா உடன்படிக்கைகளைக் கண்காணிக்க இந்தியா, கனடா, போலந்து ஆகிய மூன்று நாடுகளைக் கொண்ட சர்வதேச ஆணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. பார்த்தசாரதி கம்போடியாவிலும் பின்னர் வியட்நாமிலும் அவற்றுக்குத் தலைமை தாங்கினார். கம்போடியாவில் 1955 இல் தேர்தல் நடந்தது. வியட்நாமிலோ 1956 இல் நடக்கவேண்டிய தேர்தலைச் சைகோன் அரசு ஏற்க மறுத்தது. மீறல்களைப் பதிவுசெய்யும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கு இருந்தது. உடன்படிக்கையை நிறைவேற்றச்செய்யும் அதிகாரம் இருக்கவில்லை.

பின்னர் சீனாவில் தூதுவராகவும், பாகிஸ்தானில் உயர்ஸ்தானிகராகவும், 1965 முதல் ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாகவும் பணியாற்றினார். 1974 இல் காஷ்மீர்த் தலைவர் மிர்சா அப்சல் பேக்குடன் பேசிக் காஷ்மீர் இணக்கத்தை உருவாக்கினார். கண்காணிப்பிலிருந்து தீர்வு வரைதலுக்கு அவருடைய பணி நகர்ந்ததை இங்கே காணலாம்.

இணைப்பு ‘சி’

1983 யூலைப் படுகொலைகளுக்குப் பின் இந்திரா காந்தி அவரைக் கொழும்புக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஓகஸ்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் தமிழர் விடுதலைக் கூட்டணியை நாடாளுமன்றத்துக்கு வெளியே தள்ளியிருந்தது. வாசல் அடைபட்ட தரப்புக்கும் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவுக்கும் நடுவே நின்று அவர் உருவாக்கிய யோசனைகளே இணைப்பு ‘சி’ எனப்பட்டன. மாவட்ட சபைகள் இணைந்து பிராந்திய சபைகளாகலாம்; உள்ளகச் சட்டம் ஒழுங்கு, அபிவிருத்தி, காணிக்கொள்கை ஆகியன அவற்றுக்குரியன என்று அது கூறியது. வன்னிக்கு இதில் மிகப் பெறுமதியானது காணிக்கொள்கைதான்.

1984 சனவரியில் தொடங்கிய சர்வகட்சி மாநாட்டில் பௌத்த பிக்குகளின் பிரதிநிதிகள் இதை எதிர்த்தனர். எவரும் கையெழுத்திடாத ஆவணமாதலால், ஜனாதிபதி அதற்குப் பொறுப்பேற்காமல் விலகுவது எளிதாயிற்று. ஆண்டு இறுதியில் அரசு முன்வைத்த மாற்று வரைவுகளைக் கூட்டணி நிராகரிக்க, மாநாடு குலைந்தது. இந்திரா காந்தியின் மறைவுக்குப் பின் பார்த்தசாரதியின் நடுவர் பொறுப்பு வெளியுறவுச் செயலாளர் ரொமேஷ் பண்டாரியிடம் சென்றது.

பின்னர் நடந்தவை

1987 யூலை 29 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு இந்திய அமைதிப்படை வந்தது. போரிட்ட தரப்பான விடுதலைப் புலிகளின் இணக்கம் இல்லாமையால் ஒக்ரோபரிலேயே சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் படை வெளியேறியது. அதே உடன்படிக்கையையொட்டி வந்த பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாண நிரலில் சேர்த்தது. அரச காணியின் உரித்தோ குடியரசிடமே தங்கியது. 2002 இல் நோர்வேயின் அனுசரணையில் போர்நிறுத்த உடன்படிக்கை உருவாக, ஐந்து நோர்டிக் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் வவுனியா உட்பட வடகிழக்கில் பணியாற்றினர். 1956 இல் வியட்நாமில் கண்ட குறையே இங்கும் தலைகாட்டியது: பதிவேடுகள் நிரம்பின, அரசியல் தீர்வு வரவில்லை. 2008 சனவரியில் அந்த உடன்படிக்கையும் முடிவுக்கு வந்தது.

முடிவுரை

வியட்நாமில் கண்காணிப்பு இருந்தது, கடப்பாடு இல்லை. 1983 இல் தீர்வின் வரைவு இருந்தது, பொறுப்பேற்பார் இல்லை. 1987 இல் படை இருந்தது, இணக்கம் இல்லை. பார்த்தசாரதியின் முயற்சியைத் தோல்வி என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது. காணியை அதிகாரப் பகிர்வின் மையத்தில் வைத்த அவருடைய கணிப்பு சரியானது. பதின்மூன்றாவது திருத்தத்தின்கீழ் அமைந்த வடமாகாண சபையின் பதவிக்காலமும் 2018 ஒக்ரோபரில் முடிந்தது; காணிக் கேள்வி தீரவில்லை. இனி வரும் எந்த நடுவரும் காணி அதிகாரத்தை இரு தரப்பும் கையெழுத்திட்ட, காலவரையறை கொண்ட கடப்பாடாக்கிய பின்னரே கண்காணிப்பாளர்களை அழைக்கவேண்டும்.