ஜெர்சியில் பெயர் ஏன் வில் போல வளைகிறது? பார்க்க ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வளைவுகளின் கதை

2024 பிப்ரவரி. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் புது சீசனுக்கான பயிற்சியைத் தொடங்கின. அப்போது அதிகம் பேசப்பட்டது ஆட்டம் இல்லை, சட்டை. நைக்கி வடிவமைத்து, ஃபனாட்டிக்ஸ் தயாரித்த புதிய ஜெர்சியில் முதுகில் இருந்த பெயர் எழுத்துகள் சிறுத்துப் போயிருந்தன. வீரர்கள் வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். ரசிகர்கள் கிண்டல் செய்தார்கள். கடைசியில் 2025 சீசனுக்குப் பெரிய எழுத்துகள் திரும்பி வந்தன.

'எழுத்து கொஞ்சம் சின்னதானதுக்கா இவ்வளவு பேச்சு?' என்று தோன்றுகிறதா? ஜெர்சி எழுத்தில் அளவைப் போலவே வளைவும் முக்கியம். ஆபீஸ் கிரிக்கெட் டீமுக்கோ, காலேஜ் நண்பர்கள் சந்திப்புக்கோ டி-ஷர்ட் ஆர்டர் செய்யும் நாளில் உங்களுக்கும் இது பயன்படும்.

முதலில், ஏன் வளைக்க வேண்டும்?

பேஸ்பால், பாஸ்கெட்பால் ஜெர்சிகளில் நடுவில் பெரிய எண் இருக்கும். அதற்கு மேல் பெயரை நேர்கோட்டில் வைத்தால் இரண்டும் தனித்தனியாக நிற்பது போல இருக்கும். பெயரை வில்லாக வளைத்தால் அது எண்ணுக்கு ஒரு தோரணம் போல அமைந்துவிடும்.

இன்னொரு காரணம் கணக்கு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டை விட வளைகோடு நீளமானது. அதனால் அதே அகலத்தில் வளைவில் கொஞ்சம் அதிக எழுத்துகளை வைக்கலாம். நீளமான பெயர்களுக்கு இது பெரிய உதவி.

வளைவில் இரண்டு வகை

ஒன்று, ரேடியல் ஆர்ச். விசிறி வளைவு என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தின் வடிவம் மாறாது. வட்டத்தின் மேல் வரிசையாக நிற்பது போல ஒவ்வொரு எழுத்தும் சாயும். முதல் எழுத்தின் தலை இடப்பக்கம் சாயும், கடைசி எழுத்தின் தலை வலப்பக்கம் சாயும். எழுத்துகளின் மேல்பக்கம் இடைவெளி அதிகமாகவும், கீழ்ப்பக்கம் நெருக்கமாகவும் இருக்கும்.

இன்னொன்று, வெர்டிகல் ஆர்ச். இது நிமிர்ந்த வளைவு. இதில் எந்த எழுத்தும் சாயாது. எல்லாக் கால்களும் தூண் மாதிரி செங்குத்தாக நிற்கும். எழுத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் மட்டும் வளைவுக்கு ஏற்ப சரிவாக வெட்டப்பட்டிருக்கும்.

அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் பாருங்கள். சாய்ந்திருந்தால் விசிறி வளைவு. நேராக நின்றால் நிமிர்ந்த வளைவு. அவ்வளவுதான்.

நிமிர்ந்த வளைவுக்குப் பேர்போன அணி, ஐஸ் ஹாக்கியில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ். அந்த வீரர்களின் முதுகில் உள்ள பெயரைப் பாருங்கள், வித்தியாசம் உடனே பிடிபடும்.

நிமிர்ந்த வளைவு ஏன் அரிது?

வேலை அதிகம். 'டெட்ராய்ட்' என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 7 எழுத்து. அதில் 'டி' என்ற எழுத்து 3-ஆவது இடத்திலும் 7-ஆவது இடத்திலும் வரும். விசிறி வளைவில் இரண்டுக்கும் ஒரே துண்டு போதும். திருப்பி வைக்கும் கோணம்தான் வேறு.

நிமிர்ந்த வளைவில் அப்படி முடியாது. 3-ஆவது எழுத்து உச்சிக்கு ஏறும் பக்கம் இருப்பதால் அதன் தலைக்கோடு வலப்பக்கம் லேசாக உயர வேண்டும். 7-ஆவது எழுத்து இறங்கும் கடைசி முனையில் இருப்பதால் அதன் தலைக்கோடு நன்றாகவே சரிய வேண்டும். அதாவது, ஒரே எழுத்துக்கு இரண்டு வேறு வடிவம். ரெடிமேடாக எழுத்துகளை வெட்டி டப்பாவில் போட்டு வைத்து எடுக்க முடியாது. ஒவ்வொரு பெயரையும் புதிதாக வரைந்து, வெட்டி, தைக்க வேண்டும். எழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் கரை இருந்தால் அந்த அடுக்கையும் அப்படியே வெட்ட வேண்டும்.

இரண்டிலும் சிக்கல் உண்டு. வளைவு ரொம்ப இறுக்கமானால் விசிறி முறையில் எழுத்துகளின் அடிப்பகுதி ஒன்றோடொன்று முட்டும். நிமிர்ந்த முறையில் ஓரத்து எழுத்துகள் கோணலாக இழுபட்டுத் தெரியும். அதனால்தான் அதில் வளைவை மெதுவாக வைக்கிறார்கள்.

பெயர் முதுகுக்கு வந்த கதை

ஆரம்பத்தில் முதுகில் எண் மட்டும்தான். 1960-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் பில் வீக், முதுகில் பெயரையும் சேர்த்தார். டிவியில் பார்ப்பவர்களுக்கு யார் யார் என்று தெரிய வேண்டும் என்பது நோக்கம். அந்த ஆண்டே டெட் க்ளூஷெவ்ஸ்கி என்ற வீரரின் பெயரில் ஒரு எழுத்து திரும்பிப் போயிருந்தது, இன்னொன்று தவறாகவே தைக்கப்பட்டிருந்தது.

எல்லோருக்கும் இந்த யோசனை பிடிக்கவில்லை. பெயர் கட்டாயம் என்று தேசிய ஹாக்கி லீக் சொன்னபோது, டொரொன்டோ அணியின் உரிமையாளர் ஹெரால்ட் பல்லார்ட் மறுத்தார். மைதானத்தில் விற்கும் நிகழ்ச்சிப் புத்தகத்தை யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயம். லீக் அழுத்தம் கொடுத்ததும் 1978-இல் பெயரைத் தைத்தார். ஆனால் நீலச் சட்டையில் அதே நீல நிறத்தில்! பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் ஜெர்சியில் இன்றும் வீரர் பெயர் கிடையாது.

நீளமான பெயர் என்றால்?

பேஸ்பால் வீரர் ஜாரட் சால்டலமாக்கியாவின் குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் 14 எழுத்து. மேஜர் லீக் வரலாற்றிலேயே மிக நீளமான பெயர்களில் ஒன்று. அவர் முதுகில் பெயர் எண்ணைச் சுற்றி ஒரு பெரிய வளைவாக இறங்கியது. நேர்கோட்டில் வைத்திருந்தால் எழுத்துகளை ரொம்பச் சிறிதாக்கியிருக்க வேண்டும். பெயர் இருந்தும் கேலரியில் இருப்பவருக்குப் படிக்க முடியாது. 2024-இல் வீரர்களுக்கு வந்த கோபத்தின் மையமும் இதுதான். முதுகில் இருப்பது அவர்களின் குடும்பப் பெயர், இல்லையா?

உங்கள் டீம் ஜெர்சிக்கு எதைக் கேட்பது?

டிஜிட்டல் பிரின்டில் இரண்டுக்கும் செலவு வித்தியாசம் பெரிதாக இருக்காது, ஏனென்றால் வெட்டித் தைக்கும் வேலையே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் கடைக்காரர் தனக்குப் பழகிய வளைவையே போட்டுவிடுவார். அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் 'டைப் ஆன் எ பாத்' பகுதியில் 'ரெயின்போ' என்பது விசிறி வளைவு. 'ஸ்க்யூ' என்பது நிமிர்ந்த வளைவு. வார்ப் பட்டியலில் 'ஆர்க்' விசிறி, 'ஆர்ச்' நிமிர்ந்தது. பெயர் குழப்பும், கவனமாகச் சொல்லுங்கள்.

தமிழில் எழுதச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். 'கோவை' என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைக்கொம்பு, க, கால், ஐகாரக் குறி, வ என்று அதில் ஐந்து துண்டுகள். தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் வளைக்கும்போது ஒவ்வொரு துண்டும் தனி எழுத்தாக நினைக்கப்பட்டு விலகிப் போகலாம், இடம் மாறலாம். முதலில் சொல்லை நேராக அமைத்து, அதை அவுட்லைனாக மாற்றிவிட்டு, பிறகு வளைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம். தமிழில் புள்ளி மேலே ஏறும், உகரக் குறி கீழே இறங்கும். அதனால் மெதுவான வளைவே தமிழுக்கு நன்றாக இருக்கும்.

பிரின்டுக்கு அனுப்பும் முன் மூன்று விஷயம் பாருங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நீங்கள் கேட்டபடி நிற்கின்றனவா? டீமில் மிக நீளமான பெயரை வைத்து மாதிரி எடுத்தாகிவிட்டதா? பத்தடி தள்ளி நின்றால் படிக்க முடிகிறதா? கடைசியாக, ஒவ்வொருவரின் பெயரையும் அவரவரிடமே காட்டி ஸ்பெல்லிங்கை உறுதி செய்துகொள்ளுங்கள். 1960-இல் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடிய க்ளூஷெவ்ஸ்கியின் நிலை உங்கள் டீமில் யாருக்கும் வர வேண்டாம்.