அரூர் வட்டாரத்தை அளந்த சங்கிலியும் முக்கோணமும்

பூகோள சாஸ்திரத்தைப் பயிலத் தொடங்கும் மாணவனுக்கு முதற்கண் கற்பிக்கப்பெறும் அளவுத்திட்டம், திசை, அட்சரேகை, தீர்க்கரேகை ஆகிய அடிப்படைக் கருத்துகள் பாடநூலில் ஒரே பக்கத்தில் அடுக்கப்பெற்றிருப்பினும், அவை இந்நாட்டு மண்ணுக்கு வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளை முன்னிட்டு வந்து சேர்ந்தவை என்பதை அரூர் வட்டாரத்தின் நிலப்படங்களை ஆராய்வோர் தெளிவாகக் காணலாம். வடபால் தென்பெண்ணையும் தீர்த்தமலையும், தென்பால் சித்தேரி மலைத்தொடரும் அமைந்த இவ்வட்டாரத்தில், வயலை அளந்தோர் மரபும் பூமியை அளந்தோர் மரபும் தனித்தனியே வளர்ந்தன. அத்தனிமையின் விளைவு இன்றும் நீங்கிற்றில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வயலளவை தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 1001இல், சோழநாட்டு நிலங்கள் கோலால் அளக்கப்பெற்றன. வேலி, மா, குழி என விஸ்தீரணம் குறித்து நான்கு பாலும் எல்லை சொல்லும் கல்வெட்டுகளில், படம் இல்லையாயினும் படத்திற்கு வேண்டிய யாவும் உள.

1792இல் ஸ்ரீரங்கபட்டண உடன்படிக்கையால் அரூர் வட்டாரம் அடங்கிய பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமான பின்னர், அவற்றின் நிர்வாகத்தை ஏற்ற காப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாக ஏழாண்டுகள் இப்பகுதியில் உழைத்த தாமஸ் மன்றோவும், இடைத்தரகரை விலக்கி ஒவ்வொரு குடியானவனிடமும் நேரே வரி பெறும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வித்திட்டனர். அம்முறைக்குப் புலந்தோறும் அளவை இன்றியமையாததாயிற்று. ஆகவே, வரியின் பொருட்டே இம்மண் நுணுகி அளக்கப்பெற்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அதே பத்தாண்டில் ஜான் மாதர் என்பார் பாராமகாலைச் சர்வே செய்து படமாக்கினார். மைக்கேல் டாப்பிங் 1794இல் சென்னையில் சர்வே பள்ளியொன்றை நிறுவினார்.

வயலளவையின் தலையாய உபகரணம் சங்கிலி. எட்மண்ட் கன்டர் என்னும் ஆங்கிலக் கணித வல்லுநர் 17ஆம் நூற்றாண்டில் வகுத்த சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்டது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட் என்று அமைந்தமையால், பின்னக் கணக்கில் இடர்ப்படாமல் புள்ளியை இடம் மாற்றியே விஸ்தீரணம் காண இயன்றது. சாதாரண அளவையாளன் கையில் இத்துணைப் பெரிய கணிதத்தை வைத்த அச்சங்கிலியை நான் மிகவும் மதிக்கிறேன். புலத்தின் குறுக்கே ஒரு மூலக்கோடு இட்டு, அதிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்தாகப் பக்க அளவு எடுத்து வரைந்த படங்களே புலப்படப் புத்தகத்தில் உள்ளன. கல்லிலிருந்து கல்லுக்கு அளவு உண்டு. ஆனால் அப்புலம் பூவுலகில் எங்கே உள்ளது என்பதற்கு, அட்சரேகையோ தீர்க்கரேகையோ ஒன்றும் அதில் இல்லை.

அக்குறையை நிரப்ப வல்லது மற்றைய மரபு, அதாவது பூமியை அளந்தோர் மரபு. அம்மரபினரான வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவருடைய நூறடி எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்கு மக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுசென்று ஏற்கப்படாது திரும்பிய பொருள்களில் ஒன்று. 36 அங்குல வட்டமும் அரை டன் எடையும் உடைய, கோணமளக்கும் தியோடலைட்டோ வரும் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மீண்டது. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் எஞ்சிய பக்கங்களைக் கணக்கால் பெறலாம் என்னும் ஒரே விதியைக் கொண்டு அவர் குன்றிலிருந்து குன்றுக்குத் தாவினார். சமவெளியான தஞ்சையில் குன்று இன்மையால் 1808இல் கோயில் கோபுரத்தில் ஏற்றுகையில் கருவி சேதமுற, அதனைத் தாமே பல வாரம் செப்பனிட்ட அவர் பொறுமை போற்றத்தக்கது. கன்னியாகுமரி தொட்டு வடக்கே நீண்ட பெரும் வில்லளவை 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டியது. அரூர் அதற்குக் கிழக்கே சுமார் அரைப் பாகையில் உள்ளது.

இரு மரபும் எத்துணை அகன்றிருந்தன என்பதை அளவுத்திட்டமே காட்டும். மைலுக்கு ஓரங்குலமான படத்தில் ஓர் ஏக்கர், பக்கத்திற்கு ஒரு மில்லிமீட்டரான புள்ளி. குடியானவன் வழக்காடும் வரப்பு அதில் இல்லை. மேலும், இந்திய சர்வே துறையின் தாள்கள் பாகைக் கோடுகளின்படி பிரிவதால், 12ஆம் அட்சரேகைக்குச் சற்று வடக்கேயுள்ள அரூர் நகரம் 57 எல் தாளிலும், தெற்கேயுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு 58 ஐ தாளிலும் அடங்கின. வட்டாரம் முழுவதையும் காண விரும்புவோன் இரு தாள்களை ஒட்ட வேண்டும். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டெல்லைக்கு வேறொரு தனிப் படத்தை வேண்டிற்று. சித்தேரி போன்ற மலையூர்களில் வாழ்வோர்க்கு வருவாய்த்துறையின் கோடும் வனத்துறையின் கோடும் ஒருங்கே பொருந்துவது வாழ்வுரிமையைத் தொட்ட காரியம்.

1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் எல்லைக் கல்லுக்குச் சட்ட ஆதாரம் தந்தது. மெட்ரிக் முறை கன்டர் சங்கிலியை ஒதுக்கிற்று. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. இன்று செயற்கைக்கோள் சமிக்ஞை பெறும் கருவியை ஒவ்வொரு வயல்மூலைக் கல்லின்மீதும் நிறுத்தினால் அக்கற்களின் பாகைநிலையும் அவற்றிடையேயான தூரமும் ஒருங்கே கிடைக்கின்றன. எனினும் அதற்குக் கல் இருந்த இடத்தில் இருத்தல் வேண்டும். உழவாலும் வாய்க்கால் வெட்டாலும் கல் பெயர்ந்த புலங்களில், பழைய மூலக்கோட்டையும் பக்க அளவுகளையும் படிக்கத் தெரிந்த அளவையாளர் முதலில் கல்லை மீட்டு நாட்டிய பின்னரே கருவி அதன் பாகைநிலையைக் குறிக்க இயலும்.